மெதுவாகக் கொல்லும் மருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் உனாய்சி எழுதுவது. இருமல் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் தேவலையா? குயின்ஸ்லாந்தில் நான் நலம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பூச்சிமருந்தை, சோயாப் புரதத்தால் செய்த கண்ணுக்குத் தெரியாத உறைகளுக்குள் அடைக்கிறோம். அது நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்; அடிப்பவர் கையில் பட்டாலும் சட்டென்று உடம்பில் ஏறாது. திங்களன்று முட்டைக்கோஸுக்கு அடித்தேன். மறுநாளும் புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அடி லூசு, மெதுவாச் சாகணும்னுதானே இவ்வளவு பாடு! வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு" என்று கூட வேலை செய்யும் டெப் சிரித்தாள். வெள்ளியன்று ஒரு புழுகூட மிஞ்சவில்லை. ஒரு மணி நேரத்தில் புழு விழாவிட்டால் மருந்தையே திட்டுகிற நீங்கள் இதை வாங்குவீர்களா?

இன்னொன்று. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சாதாரண மருந்து, நீங்கள் அடிக்கும் அதே மருந்து, கையுறைக் கிழிசல் வழியே என் மணிக்கட்டில் பட்டுவிட்டது. சின்ன விஷயம்தான். தலை சுற்றி வாந்தி வந்தது, கண் மங்கியது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். "விஷம் ஏறியிருக்கு" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து குழம்பிக் கிடக்கிறேன். மருந்தடித்த சனிக்கிழமைகளில் நீங்களும் இப்படித்தானே பாயில் சுருண்டு கிடப்பீர்கள்? கேட்டால், "களைப்பும்மா, பேசாம போ" என்பீர்கள். எங்கள் மருந்து கடைக்கு வர எத்தனை வருஷமோ. அதுவரை அடிக்காதீர்கள் என்று சொன்னால் தோட்டம் என்னாவது? அடியுங்கள் என்று எப்படிச் சொல்வேன்?

அம்மா காய்ச்சிய தேங்காயெண்ணெய் ஒரு பாட்டில் அனுப்புங்கள். இங்கே கடையில் வாங்குவதில் வாசனையே இல்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. தடித்த கையுறை பத்து ஜோடி அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்கிறீர்களா என்று அம்மாவே எழுதட்டும். நீங்கள் எழுதினால் நம்பமாட்டேன்.

உனாய்சி