ஜாடியில் ஓடுகிறவர்கள்

பிஸ்கட்டவே,
4-3-86

அன்புள்ள உங்களுக்கு,

நமஸ்காரம். இங்கே இன்னும் குளிர் விடவில்லை. சான்டா கிளாராவில் புது வேலை பழகிவிட்டதா?

மியூசியத்தில் சம்பளமில்லாமல், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நான் நிற்கிற அறைக்குப் பழைய கிரேக்க ஜாடி ஒன்று வந்திருக்கிறது. அதில் கறுப்பு வண்ணத்தில் மூன்று பேர் ஓடுகிறார்கள். 'குறுந்தூரப் பந்தயம்' என்று கீழே அட்டை வைத்திருக்கிறார்கள். தப்பு. முழங்கை மடங்கி உடம்போடு ஒட்டியிருக்கிறது. நெடுந்தூரம் ஓடுகிறவர்கள்தான் அப்படித் தெம்பைச் சேமிப்பார்கள். சின்ன ஓட்டமென்றால் கையை வீசிப் பறப்பார்கள். பொறுப்பாளர் அம்மாளிடம் சொன்னேன். "ஹௌ ஸ்வீட்!" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். காலேஜில் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடினவளுக்குத் தெரியாதா? எரிச்சலாக வருகிறது. விடாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள்
காமாக்ஷி

சான்டா கிளாரா,
11-3-86

அன்புள்ள காமாக்ஷிக்கு,

அபார்ட்மெண்ட் கிடைத்துவிட்டது. நடக்கிற தூரத்தில் நம்மூர் மளிகைக் கடை. தினமும் பிரெட் தின்று நாக்கு செத்துவிட்டது. நீயோ ஒரு பானையோடு மல்லுக்கு நிற்கிறாய். எவன் எத்தனை தூரம் ஓடினால் நமக்கென்ன? நீ ஓடினாய் என்பதே எனக்குப் புதுச் செய்தி. பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லையே!

உனக்குச் சொல்லத் தயக்கமாக இருக்குமென்று, நானே மியூசியத்துக்கு போன் செய்து "ஷி இஸ் லீவிங்" என்று சொல்லிவிட்டேன். நீ இங்கே வந்து சேர இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட் இதோடு இருக்கிறது.

மகாதேவன்

பிஸ்கட்டவே,
19-3-86

உங்களுக்கு,

கடிதம் திங்களன்று வந்தது. பதறிக்கொண்டு நேற்று போனேன். என் இடத்தில் வேறொருத்தி நின்றாள். நான் எழுதிக் கொடுத்ததைப் பொறுப்பாளர் அம்மாள் ஒரு புரொபசருக்கு அனுப்பினாளாம். அவரும் நெடுந்தூரம்தான் என்று எழுதிவிட்டார். அட்டையை மாற்றுகிறார்கள். ஏப்ரல் ஐந்தாம் தேதி எல்லோர் முன்னாலும் என்னைப் பேச வைக்க நினைத்திருந்தாளாம். அதற்குள் போகிறாயே என்று வருத்தப்பட்டாள். "நான் எங்கேயும் போகலை" என்றேன். இடம் போனது போனதுதான். பேச மட்டும் வரச் சொன்னாள். பேசுவேன்.

பெண் பார்த்த அன்று, உங்கள் வீட்டாருக்குப் பிடிக்காதென்று அப்பா என் மெடல்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அவராவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்தார்.

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வருகிறேனா என்பதை இனி நானே சொல்கிறேன்.

காமாக்ஷி

சான்டா கிளாரா,
9-4-86

அன்புள்ள காமாக்ஷிக்கு,

மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. ஐந்தாம் தேதி எப்படிப் போனது என்று மியூசியத்தையே கேட்டுவிடலாமென்று நேற்று நம்பரைச் சுழற்றினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். அவர்களிடம் கேட்கிற விஷயமில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

என்ன பேசினாய்? எத்தனை பேர் வந்தார்கள்? நீ ஓடினது எந்த ஊரில், எந்த வருஷம்? எழுது. எப்போது வருவாய் என்று இதில் கேட்கவில்லை.

மகாதேவன்