பழைய குழிக்குப் பக்கத்தில்

என் செல்ல வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம், அவள் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படியைக் கட்டினவன் நானா என்ன. நீ சௌக்கியமா என்று கேட்கத்தான் இந்தத் தடவை கை தயங்குகிறது. ஐந்து வாரமாக நீ போனை எடுக்கவில்லை.

பட்டறையில் ஒரு காரியம் நடந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். என் வேலைதான் உனக்குத் தெரியுமே, உலையில் பதப்படுத்திய இரும்புச் சாமான் என் மேசைக்கு வரும், வைர முனையை அதன்மேல் அழுத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பேன், குறைவாக இறங்கினால் எண் கூடும், அது கெட்டி. போன மாதம் ஒரு பெட்டி அச்சுகள் வந்தன. எண் ஐம்பத்தெட்டு வேண்டும், ஐம்பத்தாறுதான் காட்டியது. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் முனை பதிந்த அந்தக் குழியை ஒட்டியே இன்னொரு தடவை அழுத்தினேன், ஐம்பத்தெட்டு காட்டியது, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மூன்றே வாரத்தில் அத்தனையும் தேய்ந்து திரும்பி வந்தன. மேற்பார்வை பார்க்கும் மேடம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், ரெண்டு குழியும் ஒட்டிக்கிட்டு இருக்கே, நீங்களே இப்படிப் பண்ணலாமா" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒரு தடவை அழுந்திய இடத்தைச் சுற்றி இரும்பு இறுகிப்போகும், அங்கேயே மறுபடி அழுத்தினால் பொய் எண்தான் வரும், தள்ளித்தான் அழுத்த வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொண்டது இது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "பொண்ணுகிட்டயும் இதைத்தானே பண்றீங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் கல்யாணம் நின்றுபோனதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஏன் நின்றது, யார்மேல் தப்பு என்று அதையேதானே கேட்டேன். முதல் வாரம் "நல்லா இருக்கேன்ப்பா" என்றபோது உன் குரல் உடைந்தது. அப்புறம் வரவர அதையே கணீரென்று சொன்னாய். என் பொண்ணு கெட்டி என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அதற்கும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவன் நான்தான். மன்னித்துவிடம்மா.

இனி அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். ஈரத் தலையோடு தூங்காதே, வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ குறைவில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்கு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, நல்லா இல்லையென்றாலும் போன் பண்ணலாம். அழுதாலும் சரி, பேசாமலே இருந்தாலும் சரி, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்
அப்பா