கூவிப்பாறை

கும்மிடிப்பூண்டி,
12-3-1971

அன்புத் தங்கச்சி அங்காளம்மாளுக்கு,

"பாறைக்கு எப்படித் தெரியும் வாத்தியாரண்ணா, அவுரு வருவாருன்னு?" மீன்கூடையை எங்கள் வாசலில் இறக்கிவிட்டு ஒருமுறை என்னைக் கேட்டாய். சுவரில் எறிந்த பந்து திரும்புவது போலத்தான் குரலும் என்றேன். நீ சிரித்தாய். எங்கள் ஊர்க் கூவிப்பாறையில் கூப்பிட்ட பேர் திரும்பி வந்தால், கடலுக்குப் போனவனும் திரும்புவான் என்பது உங்கள் குப்பத்து நம்பிக்கை.

இப்போது புதுத் தொழிற்சாலைகளுக்குக் கல் வேண்டுமென்று அந்தப் பாறைக்கு வெடி வைக்கப் பார்க்கிறார்கள். தேசியச் சின்னமாக அறிவித்துவிட்டால் யாரும் தொட முடியாது. டெல்லிக்கு மனு எழுதுகிறேன். பாறையின் கதையைச் சொல்லி அனுப்பு.

உன் அண்ணன்,
தேசப்பன்

பழவேற்காடு,
2-4-1971

வாத்தியாரண்ணாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல பக்கத்து ஊட்டு சாராள் எழுதுது. இன்னா பெரிய கதை? ஊட்டுக்காரர் பேரப் பொம்பள சொல்லக் கூடாது. அந்தப் பாறையாண்ட மட்டும் சொல்லலாம். எங்க ஊட்டுக்காரரு கடலுக்குப் போயி அஞ்சு வருசம். ஆடிக்கு ஆடி போய்க் கூப்புடறேன், பேரு திரும்பி வருது. அதனாலதான் தாலி கழுத்துல கீது. இத்த எழுதுங்க. உங்க பந்துக் கதைய எழுதாதீங்கண்ணா, டெல்லிக்காரனே வந்து ஒடச்சிடுவான்.

அங்காளம்மாள் கைநாட்டு

கும்மிடிப்பூண்டி,
9-10-1973

தங்கச்சி,

ஜெயித்துவிட்டோம்! அதிகாரிகள் வந்து அளந்தார்கள், படம் பிடித்தார்கள். கெஜட்டிலும் வந்துவிட்டது. நீலப் பலகையில் உங்கள் கதை இரண்டு வரி இருக்கிறது. சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் மதில் எழும்புகிறது. ஆடிக்கு வா. உன் அண்ணி சமைத்து வைப்பாள்.

தேசப்பன்

பழவேற்காடு,
4-8-1974

அண்ணா,

ஆடிக்கு வந்தேன். உங்க ஊட்டாண்ட வரல, கோச்சிக்காதீங்க. கேட்டுல பூட்டு. காவக்காரன், "கத்தாதம்மா, கவர்மெண்டு எடம்"னான். "கத்த வரலப்பா, புருசனக் கூப்புட வந்தேன்"னேன். சிரிச்சான். மதிலுக்கு வெளிய நின்னு கூப்புட்டேன். ஒண்ணும் திரும்பல. கூட வந்த நாத்தனா கேட்டுக்கினு இருந்தா. குப்பத்துல சொல்லிட்டா. வெள்ளிக்கெழம தாலிய எடுத்துட்டாங்க.

உங்க மேல கோவமில்ல. பாறை பத்திரமா கீது.

அங்காளம்மாள்

கும்மிடிப்பூண்டி,
17-8-1974

தங்கச்சி,

குரலை மறித்தது மதில். அவர் வரமாட்டார் என்று பாறை சொல்லவில்லை. இதை உன் நாத்தனாரிடம் சொல்ல பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். பந்துக் கதையை அங்கே யார் கேட்பார்கள்? பாறையைக் காப்பாற்றச் சொல்லி எழுதினோம். கூப்பிட வருகிறவர்களுக்கு வழி விடச் சொல்லி எழுதத் தோன்றவில்லை. சாவி கேட்டு மனு போட்டிருக்கிறேன். கிடைக்குமோ என்னவோ.

அதுவரை ஒன்று செய். விடிந்ததும் கரைக்குப் போ. கடலைப் பார்த்து, துலுக்காணம் என்று அவர் பேரை வாய்விட்டு ஒருமுறை கூப்பிடு. பதிலுக்கு நிற்காமல் வீட்டுக்கு வா.

தேசப்பன்