மஸ்கட்டில் நான் சேரப்போகும் இடம்

ஜூன் 17, செவ்வாய். இரவு.

அடுத்த மாதம் வாப்பாவைப் பார்க்க மஸ்கட் போகிறோம். அங்கே நான் கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா கற்றுக்கொள்ள வாப்பா சம்மதித்துவிட்டார். ஆனால் அவர் பார்த்து வைத்த இடத்தில் ஒரு வகுப்புக்குப் பத்துப் பேர். ஆங்கிலத்தில் பரீட்சை வேறு. ஒன்பதாவதோடு நின்ற நான் அங்கே என்ன செய்வேன்? அவரிடம் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

போனில் தேடி நானே வேறொன்று கண்டுபிடித்தேன். சின்ன இடம். கொல்லத்துக்கார அக்கா ஒருத்தர் ஒவ்வொருவராகச் சொல்லித் தருகிறார். இன்று மாலை சாரலில் மொட்டை மாடியில் நின்று அவருக்கு வாய்ஸ் மெசேஜ் பேசினேன். ஆறு தடவை அழித்துவிட்டு ஏழாவதை அனுப்பினேன். படிப்பையும் மறைக்கவில்லை.

உடனே பதில் வந்தது. "படிப்பு கெடக்கட்டே மோளே. நீந்தத் தெரியுமோ?"

"கெணத்துல நீந்துவேங்க்கா."

அவர் சிரித்தார். "அது மதி, அது போதும். பரீட்சைய நான் வாயால கேட்டுக்கறேன், தமிழ்லயே."

அந்தத் தைரியத்தில் வாப்பாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவர் இடத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"ஏட்டி, நீயா பேசுன? கடையில சீனி கேக்கவே உம்மாவ முன்னால தள்ளிவிடுவியே!" என்று சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி, அங்கனயே சேத்துவிடுதேன்" என்றார்.

ஆழத்தில் காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டுமாம், அக்கா சொன்னார். படுத்துக்கொண்டு ஊதிப் பார்க்கிறேன். காதுக்குள் 'டப்' என்கிறது.

"மழையில நிக்காதன்னா கேக்குதியா? சளி புடிச்சிருச்சு பாரு" என்கிறாள் பக்கத்துப் பாயில் உம்மா.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பேனா ஆடுகிறது.