ஏலக்காரன் வாயும் மூன்று ஏரிகளும்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், என் இரண்டு முட்டிகளைத் தவிர. நீயும் உன் குளிர் ஊரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. முட்டிக்கு என்ன என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவின் தையல் வகுப்புக்காரர்கள் மலை ஏரிகளுக்கு நடைப்பயணம் போனார்கள், மூன்று ஏரி, பதினோரு கிலோமீட்டர், பறவை மிருகமெல்லாம் பார்க்கலாம் என்று. ஒரு சீட்டு காலி என்றதும் நானும் தொற்றிக்கொண்டேன். அங்கே பேசக் கூடாதாம், உங்களால் முடியுமா என்று உன் அம்மா கேட்டாள். மீன் மார்க்கெட்டில் இருபத்தெட்டு வருஷம் ஏலம் கூவியவனுக்கு வாயைத் திறப்பதும் மூடுவதும் கைவந்த கலை என்று பீற்றிக்கொண்டேன். திறப்பது மட்டும்தான் என்பது போன பிறகு தெரிந்தது.

உண்மையைச் சொல்கிறேன், வீட்டில் இருப்புக் கொள்ளாமல்தான் போனேன். மூன்று வாரத்துக்கு முன் நீ ஃபோன் செய்து, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாய். நீ நிறுத்தினாயோ இல்லையோ, நான் புகுந்து கம்பளிச் சாக்ஸில் ஆரம்பித்து, ஹீட்டர் வயர், வீட்டு ஓனரிடம் எப்படிப் பேசுவது, ராத்திரி தலைக்குக் குளிக்காதே என்று கால் மணி நேரம் பொழிந்துவிட்டு, சரிம்மா உடம்பைப் பார்த்துக்கோ என்று வைத்தும்விட்டேன். அன்றிலிருந்து உன்னிடமிருந்து 'நல்லா இருக்கேன்' என்று மெசேஜ் மட்டும்தான் வருகிறது. என்ன சொல்ல வந்தாள் என்று உன் அம்மா கேட்டாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, எல்லாம் நல்லபடியாக இருக்கிறதாம் என்று சொல்லிவைத்தேன். அவளும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

ஏரிக்கு வருகிறேன். கூட்டிப்போன வழிகாட்டி உன் வயசுப் பெண், குரலே எழுப்ப மாட்டாள், எல்லாம் கையாலேயே சொல்வாள். முதல் ஏரியில் இருநூறு வாத்தாவது மிதந்துகொண்டிருக்கும், எல்லாரும் குனிந்து உட்கார்ந்தோம். அந்த நேரம் பார்த்து ஒரு பருந்து, விராலடிப்பான் என்று அதற்குப் பேராம், மேலேயிருந்து தொப்பென்று தண்ணீரில் விழுந்து ஒரு மீனைத் தூக்கியது. ரெண்டு கிலோ தேறும், துடிக்கிறது. எனக்குள் இருந்த ஏலக்காரன் எழுந்துவிட்டான். ரெண்டு கிலோ, உயிர் மீன், கேக்கறவங்க கேளுங்க என்று மார்க்கெட் குரலில் கூவியே விட்டேன் வாலு. மலை வேறு அதைத் திருப்பிக் கூவியது. அத்தனை வாத்தும் பறந்தது, பருந்து மீனையே கீழே போட்டுவிட்டுப் போனது. கூட வந்த பதினான்கு பேரும் பைனாகுலரை இறக்கிவிட்டு, பார்க்க வேறு ஒன்றும் மிச்சமில்லாததால் என்னைப் பார்த்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இந்த நுணல் கூட வந்தவர்களையும் சேர்த்துக் கெடுத்தது. இரண்டாவது ஏரியில் என்னை வரிசையின் கடைசியில் நிறுத்தினார்கள். அங்கே ஒரு மான் தண்ணீர் குடிக்க வந்தது, பக்கத்தில் நின்ற தையல் டீச்சருக்கு ரகசியமாகக் காட்டிக்கொடுத்தேன். என் ரகசியம் அக்கரைவரை கேட்டதாம். மானுக்கும் கேட்டது.

மூன்றாவது ஏரியில் அந்த வழிகாட்டிப் பெண் என்னைத் தனியாக ஒரு பாறையில் உட்காரவைத்து, ஒண்ணும் வரலைன்னாலும் அரை மணி நேரம் இங்கேயே இருங்க ஐயா என்று மெதுவாகச் சொன்னாள். உன் அம்மா, "முப்பத்திரண்டு வருஷமா இந்தப் பாறையைத்தான் தேடிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு போய்விட்டாள். உனக்குத்தான் தெரியுமே, ஏலத்தில் சத்தம் நின்றால் மீன் வீண், கேட்க ஆளில்லையென்றால் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று பெட்டியைத் தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட வேண்டும். அதே புத்தி. தண்ணீர் அசையவில்லை, மனசுக்குள் ஒரு தரம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ரெண்டு தரம். மூணாவதும் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்று பார்த்தால் முட்டி பிடித்துக்கொண்டது. பெருமையாக எழுத ஆசைதான், ஆனால் என்னை உட்காரவைத்தது பொறுமை இல்லை, முட்டி. அப்போதுதான் நாணலுக்குள்ளிருந்து ஒரு நீர்நாய் தலையை நீட்டியது. என்னைப் பார்த்தது, யோசித்தது, உள்ளே போய்விட்டது. நான் மூச்சுகூட விடவில்லை. வாயில் ஒரு மீனோடு மறுபடி வந்தது, பின்னாலேயே இரண்டு குட்டி. என் காலுக்குப் பத்தடி தள்ளி மூன்றும் உட்கார்ந்து மீனைக் கடித்துத் தின்றன. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நீயும் அன்றைக்கு இப்படித்தானே தலையை நீட்டினாய், நான்தான் பெட்டியைத் தட்டி முடித்துவிட்டேன்.

திரும்பி வந்தவர்கள் யாரும் நம்பவில்லை. வழிகாட்டிப் பெண் மட்டும் கரையில் கிடந்த செதில்களைப் பார்த்துச் சிரித்தாள். எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே என்றாள் உன் அம்மா. ஊரையே கூப்பிட்டுப் பழகிய வாய், அன்றைக்கு ஒருநாள் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் உன் விஷயத்தில் நான் சொன்ன பொய்யை அவளிடம் ஒப்புக்கொண்டேன். பஸ் நிற்கும்வரை திட்டினாள், குறுக்கே பேசாமல் கேட்டேன்.

பார், கடிதத்திலும் நானே பேசிக்கொண்டிருக்கிறேன். வருகிற ஞாயிறு சாயங்காலம் ஃபோன் செய்வேன். அப்பா பேசறேன் என்று ஒரு வார்த்தை சொல்வேன், அதோடு சரி. நீ எவ்வளவு நேரம் சும்மா இருந்தாலும் இருப்பேன். வேலை போனதோ, யாரையாவது பிடித்துப்போனதோ, எதுவானாலும் நான் பறந்துவிட மாட்டேன், முட்டியும் இன்னும் சரியாகவில்லை. கம்பளிச் சாக்ஸை மறக்காதே, இது அறிவுரை இல்லை, பழக்கதோஷம். நீ நோய்நொடியில்லாமல், மனசில் பாரமில்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அம்மா தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொன்னாள்.

ஒரு தரம், ரெண்டு தரம். மூணாவதை நான் சொல்லப்போவதில்லை.

உன் வாயாடி
அப்பா