டார்ச் பிடிக்க வந்தவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விவகாரம்தான். நல்ல செய்தியை எல்லாம் நிற்க வைத்தே சொல்லி அனுப்பிவிடுவார்.

"அப்ரண்டிஸ் திட்டத்தை இந்த வருஷத்தோட மூடிடலாம்னு மேல பேசிக்கிறாங்க. சேர்றவங்களைவிட ஓடறவங்கதான் அதிகம். ஓடாம இருந்தவங்க செய்முறைத் தேர்வுல ஃபெயில். பேசாம வெளியில இருந்து ஆள் எடுத்துக்கலாமே?"

எந்த வெளியில்? ஊரில் கட்டடமெல்லாம் மேலே மேலே போகிறது. லிஃப்ட் மெக்கானிக் மட்டும் தேடினாலும் கிடைப்பதில்லை. கிடைத்தால் எங்கள் லிஃப்ட் கம்பெனியில் பயிற்சிப் பிரிவு என்று ஒன்றை வைத்து அதற்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருப்பார்களா? வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வந்தேனா? "மிச்சம் இருக்கற ஒருத்தர் பாஸ் பண்ணிட்டா திட்டத்தைத் தொடருவீங்களா சார்?" என்று கேட்டு வைத்தேன். பாஸ் பண்ணட்டும், பார்க்கலாம் என்றார்.

மிச்சம் இருக்கும் அந்த ஒருத்தரை நாங்கள் கூப்பிடுவது பில்லிங் என்று. சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. எங்களிடம் மெக்கானிக் வேலை பழக வந்த முதல் பெண்ணும் அவள்தான். அவளுக்கும், அவளுக்கு முன்னால் வந்தவர்களுக்கும் வேலை சொல்லிக்கொடுக்கிற சீனியர் மெக்கானிக் யார் என்றால் —

என் வீட்டுக்காரர்.

மார்ச் 5

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 6

நாளைக்கு.

மார்ச் 8, சனி

பாதுகாப்பு ஆய்வு என்று ஒரு புளுகு புளுகிவிட்டு இவர் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனேன். மொட்டை மாடிக்கும் மேலே மோட்டார் அறை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

இவர் பிரேக்கைக் கழற்றுகிறார், துடைக்கிறார், மாட்டுகிறார். என்ன வேகம், என்ன சுத்தம்! பெருமையாகத்தான் இருந்தது. எழுதினால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள்? எதிரில் பில்லிங் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கக்கூட விடுவதில்லை, இவரே எடுத்துக்கொள்கிறார். "பாத்துக்கோ, நல்லா பாத்துக்கோ." நான் இருந்தவரை இவர் நடத்திய மொத்தப் பாடமும் இதுதான்.

இறங்கும்போது அவளைத் தனியாகக் கேட்டேன், இத்தனை மாசத்தில் என்னம்மா கத்துக்கிட்ட என்று.

"டார்ச் பிடிக்க மேடம். அதுல இனிமே எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 10

போன பேட்ச்சில் ஓடிப்போன ஒருவனுக்குப் போன் போட்டேன். இப்போது செல்போன் கடையில் இருக்கிறான்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. சார் தங்கமான மனுஷன். ஆனா அவர்கிட்ட வேலை பழகறது டிவியில சமையல் பாக்கற மாதிரி. பாக்க நல்லாத்தான் இருக்கும், பசி மட்டும் அப்படியே இருக்கும்."

டிவி சமையல்! இதை இவரிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 13, வியாழன்

பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு. லிஃப்ட் கதவின் ரோலரை மாற்ற வேண்டும். பில்லிங் பதறாமல்தான் ஆரம்பித்தாள். ஆனால் நட்டு நழுவுகிறது, ஸ்பேனர் வழுக்குகிறது, நேரம் ஓடுகிறது. தேர்வு நடத்துகிற அம்மா கறார் பேர்வழி. கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"நீங்க இடது கைக்காரங்களா?"

"இல்ல மேடம்."

"பேனாவை எந்தக் கையில பிடிப்பீங்க?"

வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்புறம் ஏன் ஸ்பேனர் இடது கையில இருக்கு?"

பில்லிங் தன் கையை யாருடைய கையோ மாதிரி பார்த்தாள். "சார் இப்படித்தானே மேடம் பிடிப்பாரு!"

தேர்வம்மா என் பக்கம் திரும்பினார். "போன வருஷம் உங்க கம்பெனியில இருந்து வந்தவங்களும் இதே கதைதான். இடது கைக்காரங்களாப் பாத்துத்தான் வேலைக்கு எடுக்கறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

என் வீட்டுக்காரர் பிறவி இடது கைக்காரர். இவர் செய்வதை மாசக்கணக்காகப் பார்த்துக்கொண்டே நின்றதுகள், கடைசியில் ஸ்பேனர் கைக்கு வந்ததும் அப்படியே பிடித்திருக்கின்றன. தொட்டுப் பழகியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்காதா, இது நமக்குத் தோதுப்படாத கை என்று? தலையில் அடித்துக்கொண்டேன்.

மார்ச் 14

சமையலறைக் குழாய் ஒழுகிற்று. இவர் இல்லை. நானே ஸ்பேனரை எடுத்து இறுக்கினேன். சின்னவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, நீ ஏன் இடது கையால திருகற?"

போச்சு. நானும்தானா!

மார்ச் 16, ஞாயிறு

சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"உங்ககிட்ட வர்றவங்க எல்லாம் ஏங்க ஓடிப்போறாங்க?"

"பொறுமை இல்ல."

"யாருக்கு?"

அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டார்ச், இடது கை, மூடப்போகிற திட்டம். கொட்டினதோட நிறுத்தித் தொலைச்சிருக்கலாம்ல? "உங்க வேலையை உங்களோடயே கட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்க போல இருக்கு"ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டேன். மனுஷன் முகம் சுண்டிப்போச்சு.

"ஆசைப்பட்டா செய்யறேன்? ஒரு ரோலரை அவ மாட்டினா அரை நாள் போயிடும். அன்னைக்கு போர்டுல என் பேர் கடைசியில வரும். உங்க ஆபீஸ் போர்டுதானே, நீ பாத்ததே இல்லையா?"

பார்க்காமல் என்ன? யார் எத்தனை பழுது முடித்தார்கள் என்று மெக்கானிக்குகளின் பெயரை மேலிருந்து கீழாக எழுதி, என் அறைக்குப் போகும் வழியிலேயே மாட்டியிருக்கிறார்கள். இவர் பெயர் உச்சியில் இருந்தால் எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருக்கும். அப்ரண்டிஸ் கையில் ஸ்பேனரைக் கொடுக்கிறவன் அந்தப் போர்டில் எப்படி மேலே வருவான்? இது ஏன் இத்தனை நாள் என் மண்டையில் ஏறவில்லை?

மார்ச் 17

பேச்சுவார்த்தை சின்னவள் வழியாக நடக்கிறது. "உங்கம்மாகிட்ட சொல்லு, துண்டைக் காணோம்னு." துண்டு இவர் தோளில்தான் கிடக்கிறது. நானும் சொல்லவில்லை, சின்னவளும் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

இன்றைக்கு நானாகவே மேனேஜர் அறைக்குப் போய் நானாகவே உட்கார்ந்தேன். அவர் மிரண்டுவிட்டார்.

அப்ரண்டிஸை வைத்திருக்கிற மெக்கானிக்கின் பெயரைப் போர்டிலிருந்து எடுக்க வேண்டும், அவருக்குத் தருகிற வேலையையும் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றேன்.

"உங்க வீட்டுக்காரருக்காகக் கேக்கறீங்கன்னு சொல்ல மாட்டாங்களா? சும்மா நிக்கறாருன்னு மத்த மெக்கானிக்குங்க பேசுவாங்களே?"

"பேசட்டும் சார். சும்மா நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு அவரை வெச்சே காட்டறேன்."

தேர்வு முடிகிறவரை சரி என்றார். இவரிடம் வந்து சொன்னதும் சின்னவளைக் கூப்பிடாமல் நேராக என்னிடமே ஒரு "ம்" சொன்னார்.

மார்ச் 24, திங்கள்

இன்று முதல் பில்லிங் கையில் ஸ்பேனர், இவர் கையில் டார்ச்.

நான் போகவில்லை. போனால் வாய் சும்மா இருக்காது. மத்தியானம் அவளே கூப்பிட்டாள். "மேடம், சாருக்கு டார்ச் பிடிக்கவே வரல. நான் இந்த நட்டைக் கழட்டிக்கிட்டிருக்கேன், அவரு அடுத்த நட்டுக்குப் போயிடறாரு. நான் இருட்டுல நிக்கறேன்."

மார்ச் 27

"விடு, நான் பண்றேன்" என்று வாயில் வந்துவிடுகிறதாம். வராமல் இருக்கத் துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சாருக்குப் பல்வலியா என்று கட்டடத்து வாட்ச்மேன் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாராம்.

வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துவிட்டார். "வேலையே செய்யாம இவ்வளவு அலுப்பு வரும்னு எனக்குத் தெரியாதுடி." பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் படுக்கையறையில் பேச்சுக்குரல். எட்டிப் பார்த்தால் இவர் பீரோக் கண்ணாடி முன்னால் ஸ்பேனரோடு நிற்கிறார். கண்ணாடிக்குள்ளே இருக்கிற ஆளுக்கு வலது கை அல்லவா? அவன் எப்படிப் பிடிக்கிறான், மணிக்கட்டை எப்படித் திருப்புகிறான் என்று பார்த்து, பில்லிங்குக்குச் சொல்ல மனப்பாடம் செய்கிறார்.

"அப்பா, யார்கிட்ட பேசறீங்க?" என்றாள் சின்னவள்.

"புதுப் பையன். நல்லாத்தான் செய்யறான்."

நான் சத்தம் காட்டாமல் நகர்ந்துவிட்டேன். இந்த மனுஷன் மேலே எனக்கு இன்னும் இவ்வளவு ஆசை இருப்பது எனக்கே தெரியாது.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்றைக்கு எல்லாம் கவிழ்ந்துவிடப் பார்த்தது. ஏழு மாடிக் குடியிருப்பில் கதவு ரோலர் மாற்றும் வேலை. பில்லிங் மெதுவாகத்தான் செய்வாள். அதற்குள் பால் பாக்கெட்டோடு வந்தவர், முழங்கால் வலிக்காரர், ஆபீசுக்கு நேரமானவர் என்று ஆளுக்கு ஆள் திட்டியிருக்கிறார்கள். "தெரியாதவங்களை எல்லாம் எதுக்கு அனுப்பறாங்க" என்று ஒருவர் அவள் முகத்துக்கு நேராகவே கேட்டாராம். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டாள். பழைய கடையில் மறுபடியும் கூப்பிடுகிறார்கள், பில் போடவே போகிறேன், அங்கே யாரும் திட்டினால் இயந்திரம் மேலே பழியைப் போடலாம் என்று அழுதிருக்கிறாள்.

இவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எனக்குப் பிரசவ வலி வந்தபோதே ஃபேன் ஏன் சத்தம் போடுகிறது என்று பார்த்தவர். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"போறதுன்னா போம்மான்னேன். ஆனா ரெண்டாவது ரோலரை மாட்டிட்டுப் போ, பாதியில விட்டா கதவு கோணிக்கும்னேன்."

"அட, அதையா சொல்றது!"

"மாட்டினா. கதவை விட்டுப் பாத்தோம், சத்தமே இல்லாம சாத்திச்சு. அப்புறம் மேல் மாடிக் கதவையும் பாத்துடலாம் சார்னு அவளே படியேறிட்டா. போறேன்னு சொன்னதையே மறந்துட்டா போல. நான் ஞாபகப்படுத்தல."

மே 14, புதன்

தேர்வு. மெக்கானிக்குகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. இவர் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்தார். உள்ளே அவள் திருகத் திருக இங்கே இவர் கையும் காற்றைத் திருகியது. போகிற வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

நடுவில் ஒரு நட்டு உருண்டு லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் விழுந்தது. அவள் நிதானமாக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இறங்கி, எடுத்துத் துடைத்து, மேலே வந்து மாட்டினாள். வலது கையால்.

பாஸ். மார்க் சுமார்தான். "வேலை சுத்தம்" என்றார் தேர்வம்மா. ஆட்டோவில் வரும்போது இவர் மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார். தூசியாம்.

ஜூன் 9

திட்டம் தொடர்கிறது. நின்றுகொண்டே கேட்டேன், மேனேஜர் நின்றுகொண்டே சொன்னார். போர்டு விஷயமும் நிரந்தரம். இப்போது மற்ற மெக்கானிக்குகளும் தங்களுக்கு ஒரு அப்ரண்டிஸ் வேண்டும் என்கிறார்கள். புது பேட்ச்சுக்கு இதுவரை வராத கூட்டம். செல்போன் கடைக்காரன் திரும்ப வந்திருக்கிறான், தங்கையையும் கூட்டிக்கொண்டு. "இந்தத் தடவை கையில குடுப்பாங்களாக்கா?" என்று கேட்டான்.

ஜூன் 22, ஞாயிறு

சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் போன். மருத்துவமனை லிஃப்ட் நின்றுவிட்டதாம். இப்படி ஒரு போன் வந்தால் இவர் சட்டையில் ஒரு கையை நுழைத்துக்கொண்டே படியில் ஓடுவார். கல்யாணம் ஆனதிலிருந்து பார்க்கிற காட்சி. வழக்கம்போல நான் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"இன்னைக்கு டியூட்டி பில்லிங்தான். அவ பாத்துப்பா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

"எதுக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துடுங்களேன்."

"எதுக்கு?"

போய்ப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கையில் சட்டையோடு கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் அவளுக்குப் போன் போட்டேன்.

"ஓடுது மேடம், முடிச்சுட்டேன். கையைத் துடைச்சுக்கிட்டிருக்கேன். சார் ஏதாவது கேட்டாரா?"

உள்ளே எட்டிப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறார்.

"தூங்கறாரும்மா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஐயோ, மனசு விட்டுப்போச்சோ, வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன்.

"நான் தனியா வேலை பாத்துக்கிட்டிருக்கேன்னு தெரிஞ்சுமா மேடம்?"

"தெரிஞ்சுதான்."

"நிஜமாவே தூங்கறாரா?" என்றாள். பாஸ் என்று சொன்ன அன்றுகூட அவள் குரல் இப்படி உடைந்ததில்லை.