மூணு பேருக்குக் கடலை

குட்டி,

வெளியே சாப்பிட்டா வாடகைக்குத் துண்டு விழும்னுதான் வாரம் முழுக்கக் கடலையை வேகவெச்சு டப்பா டப்பாவா அடுக்கறேன். அதை நீதான் தின்னு தீர்க்கறன்னு நேத்து கத்திட்டேன். மனசுல வெச்சுக்காதடி.

இன்னிக்கு நீ காலேஜ் போனதும் தாழ்ப்பாள் போட்டுட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தா ஒரு டப்பா காலி. கழுவிக் கவுத்து வெச்சிருக்கு, இன்னும் தண்ணி சொட்டுது. போட்ட தாழ்ப்பாள் போட்டபடி இருக்கு.

நீ என்னிக்கு டப்பா கழுவியிருக்க? நேத்து காலியான டப்பாவும் இப்படிக் கழுவித்தான் இருந்துச்சு, எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்.

இந்த வாடகைக்கு வேற ரூம் கிடைக்காது. அதனால இன்னிலேர்ந்து மூணு பேருக்கு ஊறப்போடு. நான் வேலை முடிஞ்சு வர லேட்டாகும்.

அக்கா

சொல்ல மறந்துட்டேன். வேகவெக்கும்போது உப்பு கொஞ்சம் தூக்கலாப் போடு. நேத்து பத்தலையாம்.